பெல்ட்டை நிறுத்திட்டு கை வை: தொழிலாளர் பாதுகாப்புக்கு அம்பேத்கர் செய்தது என்ன?

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பார்சல் மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்துடுது. அந்தப் பார்சல் கிளம்புற இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குடோன். உள்ளே நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டிகளை ஏற்றவும், பிரிக்கவும், சிக்கினால் எடுத்துவிடவும் ஆட்கள் நிற்பார்கள். பல நேரம் அவர்கள் கிராமங்களில் இருந்து வந்த 20, 22 வயதுப் பிள்ளைகள்.

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர்களுக்கு பெல்ட் புதிய சமாச்சாரம் இல்லை. அங்கிருந்து வடலூர் தாண்டினால் நெய்வேலி. மண்ணை வெட்டி எடுப்பது, நிலக்கரியைக் கொண்டுபோவது, மிச்ச மண்ணை மலை மாதிரி கொட்டுவது என எல்லாமே அங்கே பெல்ட்டில்தான் நடக்குது. பார்சல் பெல்ட்டும் சுரங்க பெல்ட்டும் அளவில் வேறு. ஆனால் ஆள் மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்றுதான்.

ஓடும் இயந்திரத்துக்கு வேலி போடணும், அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வழி இருக்கணும், களைத்துப் போகும் அளவுக்கு ஆளை வேலை வாங்கக் கூடாது. இதெல்லாம் இந்தியாவில் சட்டமாக உருவான கதையில் ஒரு முக்கியமான பெயர் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர். அரசியலமைப்பை எழுதியவராக எல்லோருக்கும் தெரிந்த அவர், அதற்கு முன்பு சுமார் நான்கு ஆண்டுகள் நாட்டின் தொழிலாளர் துறையை நடத்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் பாதி தகவல் வாட்ஸ்ஆப் ஃபார்வேர்டாகத்தான் வருது.

மில் சங்கு சத்தத்தில் வளர்ந்தவர்

அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14ஆம் தேதி, இப்போதைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். குடும்பம் பின்னால் சதாராவுக்கும், அங்கிருந்து பம்பாய்க்கும் வந்தது. பம்பாயில் அவர்கள் குடியேறிய இடம் பரேல். சுற்றிலும் பஞ்சாலைகள். ஒரே அறைதான் சமையல் கட்டு, படுக்கை, படிப்பறை எல்லாமே. விடியற்காலை மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்து வேலைக்குப் போகும். வெளிநாட்டில் படித்துப் பட்டங்களோடு திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அவர் வசித்தது அதே பரேல் வட்டாரத்தின் தொழிலாளர் குடியிருப்பில்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிரேஸ் இன் என அவர் படித்த கதை ஊருக்கே தெரியும். படித்ததில் பெரும்பகுதி பொருளாதாரம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டால் போதும். 1923இல் நாடு திரும்பி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

தொழிலாளர் பிரச்னையில் அவர் முதலில் கை வைத்தது ஒரு சின்னப் பொருளில் இருந்து. நாடா.

தறியில் ஊடை நூலைக் கொண்டு போகும் நாடா எப்படி இருக்கும் என்று குறிஞ்சிப்பாடி கைத்தறிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் மில்களில் நூல் தீர்ந்து புதிய தார் மாற்றும்போது, நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைக்கணும். இதைக் காரணம் காட்டி, தலித் தொழிலாளர்களை நெசவுப் பிரிவுக்குள்ளேயே மற்றவர்கள் விடவில்லை. மில்லில் கூலி அதிகம் கிடைத்த பிரிவு அதுதான். தலித்துகளுக்குக் கிடைத்தது நூற்புப் பிரிவில் கூலி குறைந்த வேலை.

1928இல் பம்பாய் பஞ்சாலைகளில் பல மாதங்கள் நீண்ட பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது அம்பேத்கர் கேட்டது ஒன்றுதான்: முதலாளியிடம் வைக்கும் கோரிக்கைகளோடு, நெசவுப் பிரிவில் தலித்துகளை அனுமதிக்க வேண்டும் என்பதையும் சங்கம் ஏற்கணும். சங்கத் தலைவர்கள் அரை மனசோடுதான் தலையாட்டினார்கள். இந்தக் கசப்பு அவருக்குக் கடைசி வரை போகவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதை எதிர்த்தார், வேலைக்குத் திரும்பும்படி தன் ஆதரவாளர்களிடம் சொன்னார். இதை வைத்து அவரைத் தொழிலாளர் விரோதி என்று திட்டியவர்களும் உண்டு.

ஆனால் அந்த நாடாவை இன்னொரு பக்கமும் பார்க்கலாம். தூசும் நூல் துகளும் நிறைந்த துளையில் ஒருவர் மாற்றி ஒருவர் வாய் வைப்பது தீண்டாமையை விடுங்க, உடம்புக்கே கேடு. கையால் நூல் கோர்க்கும் வகை நாடா வந்துவிட்டால் இரண்டு பிரச்னையும் போயிடும். இயந்திரத்தை மாற்றாமல் மனுஷனை வளைக்கப் பார்ப்பதுதான் ஆலைகளின் பழைய வழக்கம்.

பிரசவத்துக்கு யார் காசு கொடுப்பது?

அதே 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. நியமன உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பால் லாபம் பார்க்கிற முதலாளி, அவள் பிரசவ கால ஓய்வுச் செலவில் ஒரு பகுதியையாவது ஏற்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். மசோதா 1929இல் சட்டமானது.

ஆலையில் நடக்கும் உடல் பாதிப்புக்கான செலவை யார் சுமப்பது என்ற இந்தக் கேள்விதான் பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கு. தடுப்பு வேலி போட ஆகும் செலவு முதலாளி கணக்கு. வேலி இல்லாமல் போன விரல் தொழிலாளி கணக்கு. இரண்டாவது கணக்கு எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

1936இல் அவர் சுதந்திர தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸுக்கு எதிரில் கவனிக்கத்தக்க பலத்தோடு உள்ளே போனது அந்தக் கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார். ஒன்று பார்ப்பனியம், இன்னொன்று முதலாளித்துவம். தண்டவாளப் பராமரிப்பு மாதிரி கடுமையான வேலைகளிலேயே தலித்துகள் காலம் முழுக்க நிறுத்தப்படுவதையும் அவர் அங்கே சுட்டிக்காட்டினார். ஆபத்தான வேலை யாருக்குப் போகுது என்பதிலும் சாதி இருக்கு என்று அவர் பார்த்தது, இன்றைக்குப் பாதாளச் சாக்கடைச் சாவுகள் வரைக்கும் பொருந்துது.

அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து பம்பாயில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இந்தத் தடவை அம்பேத்கரும் கம்யூனிஸ்ட்டுகளும் ஒரே மேடையில் நின்றார்கள்.

டெல்லியில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலை. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் நியமிக்கப்பட்டார். இப்போதைய கணக்கில் சொன்னால் மத்திய அமைச்சர் பதவி. தொழிலாளர் நலன் மட்டுமில்லை, பாசனம், மின்சாரம், பொதுப்பணி, சுரங்கம் எல்லாம் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 51.

பதவியேற்ற அடுத்த மாதமே அவர் தலைமையில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்பும் உட்கார்ந்த மாநாடு டெல்லியில் நடந்தது. இன்று இந்தியத் தொழிலாளர் மாநாடு என்று அழைக்கப்படும் அமைப்பின் தொடக்கம் அது. அதுவரை மாகாணத்துக்கு மாகாணம் ஒரு விதமாக இருந்த தொழிலாளர் சட்டங்களை நாடு முழுக்க ஒரே மாதிரி கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

1943 டிசம்பரில் அவர் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை நடக்கிற இடத்தையே பார்த்தார், தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் போனார். அடுத்த மாதம், 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வெட்டி அனுப்பும் நிலக்கரிக்கு ஒரு வரி போட்டு, அதில் வரும் பணத்தைத் தொழிலாளர்களின் வீடு, மருத்துவம், குடிநீருக்குச் செலவிடுவது திட்டம்.

இந்த இடத்தில் ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கு. சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு 1937 முதல் முழுத் தடை இருந்தது. போர்க்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்ததும் 1943 ஆகஸ்டில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நீக்கிய அரசின் தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர்தான். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் அவர் இந்த முடிவை நியாயப்படுத்திப் பேசினார். இது அவசர காலத்துக்கு மட்டும், ஆணுக்குக் கொடுக்கும் கூலியே பெண்ணுக்கும் உண்டு என்பது அவர் பதில். தடை மீண்டும் வந்தது 1946 பிப்ரவரி 1ஆம் தேதி. சம கூலி என்ற கொள்கையை ஒரு தொழிலில் அரசே நிலைநாட்டியதாக அவர் பெருமைப்பட்டார். ஆனாலும் இரண்டரை ஆண்டுகள் பெண்கள் மீண்டும் அந்தப் பாதாளத்துக்குள் இறங்கினார்கள் என்பது உண்மை. அவரைக் கொண்டாடுகிற பதிவுகளில் இந்தப் பக்கம் அநேகமாக வராது.

1944 செப்டம்பரில் சென்னைக்கும் வந்து பல கூட்டங்களில் பேசினார். அதே ஆண்டில் டி.வி.ரெகே தலைமையில் தொழிலாளர் நிலை விசாரணைக் குழுவை அரசு அமைத்தது. கூலி, வேலை நேரம், குடியிருப்பு, வேலையிடச் சூழல் எனப் பல தொழில்களில் நேரில் போய்த் தகவல் சேகரித்த குழு அது.

1945இல் இன்னொரு அலுவலகம் பிறந்தது. பெயர், தொழிற்சாலைகளுக்கான தலைமை ஆலோசகர் அலுவலகம். ஆலைக்குள் என்ன வேலி, என்ன வெளிச்சம், எவ்வளவு காற்று என்பதையெல்லாம் தொழில்நுட்ப ரீதியாகச் சொல்ல மத்திய அரசிடம் ஒரு நிபுணர் அமைப்பு வேண்டும் என்ற தேவையில் உருவானது. டிஜிஃபாஸ்லி என்று இப்போது அழைக்கப்படுவது அதுதான். சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இதன் கீழ் வருது. பாதுகாப்பு அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம்.

14 மணி நேரத்தை 8 ஆக்கினாரா?

சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் மே தினத்தன்று சுற்றும் ஒரு தகவல்: 14 மணி நேர வேலையை அம்பேத்கர் 8 மணி நேரமாகக் குறைத்தார் என்பது. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படியே, ஆண்டு முழுக்க இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம், நாளுக்கு 10 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருந்தது. 1946இல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் வாரத்துக்கு 48, நாளுக்கு 9 என்று குறைத்தது. ஆறு நாள் வேலைக்கு வகுத்தால் நாளுக்கு 8 வரும். அதற்கு முந்தைய ஆண்டில் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் திருத்தம் வந்தது. வாரத்துக்கு 6 மணி நேரம் குறைந்தது என்பதுதான் சரியான கணக்கு. கேட்க சின்னதாகத் தெரியும். ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் என்னன்னு தெரியும்.

வேலை நேரத்துக்கும் விபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. உதாரணத்துக்கு, ஒரு பெல்ட் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுதுன்னு வைத்துக்கொள்வோம். கை இழுபடுவது மூளைக்கு உறைத்து, கையைப் பின்னால் இழுக்க அரை விநாடி ஆனாலும், பெல்ட் அதற்குள் ஒரு மீட்டர் போயிருக்கும். அதாவது விரலில் தொடங்கியது தோள்பட்டைக்கு வந்திருக்கும். தெம்பாக இருக்கும் ஆளுக்கே இந்தக் கதி. பத்தாவது மணி நேரத்தில் கண் சொக்கும் ஆளுக்குச் சொல்லவே வேண்டாம்.

பெல்ட்டில் ஆபத்து எங்கே இருக்கு?

நடுவில் இல்லை. பெல்ட் ஒரு உருளையைத் தொட்டுச் சுற்றித் திரும்பும் இடத்தில், இரண்டும் சேரும் இடுக்கில். எதிர்த் திசையில் சுற்றும் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவில் மாட்டுவது மாதிரிதான். கையுறை நுனி, துப்பட்டா, பின்னல், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு, தொளதொள சட்டைக் கை, எது உள்ளே போனாலும் மிச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அந்த இடுக்கைக் கம்பி வலையாலோ தகட்டாலோ மூடிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

மூடிய தகட்டைச் சுத்தம் செய்யக் கழற்றுவார்கள். திருப்பி மாட்ட நாலு திருகாணி முடுக்கணும். மேலதிகாரி அவசரப்படுத்துவார், அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த அப்புறம் வராது.

இரண்டாவது ஆபத்து, நின்றிருக்கும் பெல்ட். பார்சல் சிக்கினால் சென்சார் தானாகவே பெல்ட்டை நிறுத்திவிடும். நின்னுடுச்சே என்று கையை விட்டுப் பார்சலை இழுத்தால், சிக்கல் விலகியதும் சென்சார் பெல்ட்டை மறுபடி ஓட விட்டுவிடும். கை உள்ளேயே இருக்கும். அதனால்தான் பழுது பார்க்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொள்ளணும் என்கிறது பாதுகாப்பு நடைமுறை. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை யாராலும் பெல்ட்டை ஓட்ட முடியாது. சுவிட்ச் பக்கத்தில் ஒருத்தரை நிறுத்தி, யாராவது வந்தா சொல்லுப்பா என்பது பூட்டுக்கு ஈடாகாது.

மூன்றாவது, அவசரக் கயிறு. நீளமான பெல்ட்டின் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடும், எந்த இடத்தில் இழுத்தாலும் பெல்ட் நிற்கும். மாட்டிக்கொண்டவருக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கணும். இருபது அடி தள்ளி சுவரில் இருக்கும் சிவப்பு பட்டன் அவருக்கு உதவாது.

1948 சட்டம் என்ன சொன்னது?

1946 ஜூனில் அம்பேத்கர் தொழிலாளர் துறையை விட்டு வெளியேறினார். சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் அவருக்குச் சட்டத் துறை. தொழிலாளர் துறை ஜெகஜீவன் ராமிடம் போனது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை அவையில் நடத்திக் கொடுத்தவரும் ஜெகஜீவன் ராம்தான். ஆகவே அந்தச் சட்டம் அம்பேத்கர் எழுதியது என்று சொன்னால் தப்பு. 48 மணி நேரம், சம்பளத்தோடு விடுமுறை, தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு எனப் பல துண்டுகள் அவர் காலத்தில் தயாரானவை என்பது சரி. இயந்திரத்துக்கு வேலி போடும் விதி அதைவிடப் பழசு, 1881ஆம் ஆண்டு முதல் சட்டத்திலேயே உண்டு.

1949 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தில் பெல்ட் பக்கத்தில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் மூன்று. பிரிவு 21: ஆபத்தான நகரும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இருக்கணும், இயந்திரம் ஓடும்போது அது அதன் இடத்தில் இருக்கணும். பிரிவு 22: ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்க வேண்டி வந்தால், அதற்கென்றே பயிற்சி பெற்றவர்தான், உடலோடு ஒட்டிய உடுப்பு போட்டுக்கொண்டு செய்யணும். அந்த உடுப்பை நிர்வாகமே தரணும். பிரிவு 24: அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு பணிக்கூடத்திலும் வேண்டும்.

இதே நேரத்தில் அம்பேத்கர் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக இருந்தார். 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் வைக்கக் கூடாது என்பது பிரிவு 24. தொழிலாளியின் உடல் நலமும் வலிமையும் சுரண்டப்படக் கூடாது என்பது பிரிவு 39. மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கு அரசு வழி செய்யணும் என்பது பிரிவு 42. கடைசி இரண்டும் நெறிமுறைக் கோட்பாடுகள். நேராக நீதிமன்றத்துக்குப் போய் அமல்படுத்தக் கேட்க முடியாது.

பார்சல் குடோன் தொழிற்சாலையா?

இங்கேதான் சிக்கல். 1948 சட்டத்தில் உற்பத்தி என்பதற்கான விளக்கத்தில், விற்பனைக்கோ அனுப்புவதற்கோ பொருளை பேக்கிங் செய்வதும் அடங்கும். மின்சாரத்தோடு 10 பேர் அந்த வேலையைச் செய்தாலே அது தொழிற்சாலை என்று வாதிட இடம் இருந்தது. ஆனால் வெறுமனே பொருளை அடுக்கி வைத்து, பிரித்து அனுப்பும் இடம் என்றால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிடலாம். அந்தச் சட்டம் கடை, ஹோட்டல், அலுவலகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கன்வேயரின் இடுக்கைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டம், சுரங்கச் சட்டம் உட்பட 13 சட்டங்களின் இடத்துக்கு வந்திருப்பது 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பு. இதில் வந்த மாற்றங்கள் இரண்டு பக்கமும் வெட்டும். தொழிற்சாலை என்று கருத மின்சாரத்தோடு 10 பேர் என்பது 20 ஆக உயர்ந்திருக்கு. ஆக, சின்ன ஆலைகள் அந்த வரையறைக்கு வெளியே போகுது. மறுபக்கம், பாதுகாப்பு அலுவலர் வைக்க 1,000 தொழிலாளர்கள் என்று இருந்தது, தொழிற்சாலைகளுக்கு 500 ஆகக் குறைந்திருக்கு. தொகுப்பின் பொதுவான கடமைகள் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதால், குடோன் தொழிற்சாலையா கடையா என்ற சண்டை கொஞ்சம் தணியும்.

உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நினைக்கும் தொழிலாளி, அதை நிர்வாகத்திடம் நேராகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவோ சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தகடு கழன்று கிடக்கும் பெல்ட் இதில் வரும். ஒப்பந்த ஆளாக, ஏஜென்சி மூலம் மூணு மாசத்துக்கு வந்திருக்கும் ஒரு பையன் இதைத் துணிந்து சொல்வானா என்பது வேறு கேள்வி. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை பார்சல் என்ற கணக்கு அவன் தலைக்கு மேலே ஸ்க்ரீனில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட்டை நிறுத்தும் கயிறை இழுக்க, சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

48 மணி நேரக் கணக்கும் முடிந்துபோன விஷயம் இல்லை. 2023 ஏப்ரலில், தினசரி வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி நேரம்தானே, நாலு நாளில் முடித்துவிட்டு மூணு நாள் ஓய்வு எடுக்கட்டுமே என்பது அன்று மசோதாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். பன்னிரண்டாவது மணி நேரத்தில் பெல்ட்டின் வேகம் குறைவதில்லை என்பது அதில் இல்லை.

கடைசி ஆண்டுகளும் நெய்வேலியும்

இந்து சட்ட மசோதா முடங்கியதும் 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சரவையில் இருந்து விலகினார். நீரிழிவு அவர் உடம்பை வாட்டியது. 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 14ஆம் தேதி, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. டிசம்பர் 6ஆம் தேதி டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் தூக்கத்திலேயே அம்பேத்கர் காலமானார். உடல் விமானத்தில் பம்பாய்க்கு வந்தது. தாதர் கடற்கரையில் தகனம் நடந்தது.

1957 மே மாதம் நெய்வேலி சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது. அன்று தொடங்கிய பெல்ட்கள் மூன்று ஷிஃப்ட்டும் ஓடுது.

அதே நெய்வேலியில் சுரங்கத்துக்குள் ஓடும் பெல்ட்டைச் சோதிக்கும் அதிகாரம் தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு. அந்த நிலக்கரி அனல் மின் நிலைய வளாகத்துக்குள் நுழைந்துவிட்டால், அங்கே ஓடும் பெல்ட் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. சென்னைக்கு வேலைக்குப் போன குறிஞ்சிப்பாடிப் பிள்ளை நிற்கும் குடோன் பெல்ட் யார் பொறுப்பு என்பது, அந்த குடோன் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்குன்னு வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்தால்தான் தெரியும்.